கட்டும் விடுதலையும்: கிரகெறி பேற்சனின் வாழ்வு

ஒரு வீட்டில் ஒருவருடைய சித்தம் கலங்கிவிட்டால், குற்றம் யாருடையது என்னும் கேள்வி வைத்தியர் வருமுன்னரே வாசற்படி ஏறிவிடுகின்றது. கிரகபலன் என்பார் ஒருவர். செய்வினை என்பார் மற்றொருவர். முன்னோர் செய்த பாவம் என்பார் வேறொருவர். கற்றறிந்தோரும் இக்கேள்விக்கு விலக்கானவர் அல்லர். அவர்கள் கூறும் விடையின் பெயர்தான் வேறாக இருக்கும்.

எனது பெரியம்மாவின் மூத்த மகன் பல்கலைக்கழகத்திற் பயின்றுகொண்டிருந்த காலத்தில் மனச்சிதைவு நோய்க்கு ஆளானார். 1970களின் நடுப்பகுதி அது. அண்ணனைப் பார்த்த வைத்தியர் ஒருவர், மேனாடுகளில் அந்நாளிற் பரவியிருந்த கொள்கை ஒன்றை நம்பி, தாயின் வளர்ப்பு முறையே மகனின் நோய்க்கு மூலம் என்று பெரியம்மாவின் முகத்துக்கு நேரே கூறிவிட்டார். அவர் எழுதித் தந்த மருந்துச் சீட்டு எங்கேயோ தொலைந்து போயிற்று. அவர் சொன்ன சொல் மாத்திரம் தொலையவில்லை. அதன்பின் இருபது ஆண்டுகள் வாழ்ந்த பெரியம்மா, எந்த நாளில் எந்தச் சொல்லால் தாம் பிழை செய்தோம் என்று எண்ணியெண்ணித் தேய்ந்தார்.

அந்தக் கொள்கையின் ஊற்றுக்கண்ணைத் தேடிப் பல ஆண்டுகளின் பின் நான் நூல்களைப் புரட்டியபோது, அடிக்கடி எதிர்ப்பட்ட பெயர் கிரகெறி பேற்சன் என்பது. சினத்தோடுதான் அவருடைய வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். படித்து முடித்தபோது சினம் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆயினும் அது தன் இடத்தை மாற்றிக்கொண்டது. அந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சொல்லுவதற்காகவே அம்மனிதரின் வாழ்வை இங்கு எழுதுகின்றேன்.

தந்தையும் மைந்தரும்

பேற்சன் 1904ஆம் ஆண்டு மே மாதம் 9ஆந் திகதி இங்கிலாந்தில், கேம்பிறிட்ஜ் நகரை அடுத்த கிரான்செஸ்ரர் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் வில்லியம் பேற்சன் உலகறிந்த உயிரியல் அறிஞர். நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்த மெண்டல் பாதிரியாரின் பட்டாணிச் செடி ஆராய்ச்சியை ஆங்கில உலகிலே நிலைநாட்டியவர் அவரே. மரபியல் என்னும் துறைக்கு ஆங்கிலத்திற் பெயர் சூட்டியவரும் அவரே. தம் கடைசி மகனுக்குக் கிரகெறி என்று பெயரிட்டதும் கிரகோர் மெண்டலின் நினைவாகத்தான்.

மைந்தர் மூவர். மூத்தவர் ஜோன், முதலாம் உலகப் போர் முடிவதற்குச் சில வாரங்களே இருந்த வேளையில், 1918 ஒக்ரோபர் மாதத்திற் போர்க்களத்தில் மாண்டார். இரண்டாமவர் மாட்டின் கவிதையும் நாடகமும் எழுத விழைந்தவர். அறிவியலே மனிதனுக்குத் தகுந்த தொழில் என்பது தந்தையின் துணிபு. இருவரிடையே பிணக்கு வளர்ந்தது. அதனோடு காதற் தோல்வியும் சேர, 1922ஆம் ஆண்டு ஏப்பிரல் 22ஆந் திகதி, இறந்துபோன தமையனின் பிறந்த நாளன்று, லண்டன் மாநகரின் பிக்கடிலிச் சதுக்கத்தில், காமன் சிலையின் அருகே மாட்டின் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு உயிர் துறந்தார். கிரகெறிக்கு அப்போது பதினெட்டு வயதும் நிரம்பவில்லை. மூவருக்குரிய எதிர்பார்ப்பு முழுவதும் ஒருவர் தோளில் வந்து இறங்கிற்று.

பிற்காலத்தில் அன்பும் ஆணையும் ஒன்றையொன்று மறுக்கும் குடும்பங்களைப் பற்றி ஆராய்ந்தவர் இத்தகைய வீட்டில் வளர்ந்தவர் என்பதைப் பலர் சுட்டுவர். நான் அதனை நினைவிற் கொள்ளுகின்றேன். ஆனால் அதைக்கொண்டு முடிவு கட்ட விரும்பவில்லை. பிள்ளையின் செயலுக்குப் பெற்றோரிடம் காரணம் தேடும் அவசரந்தானே என் பெரியம்மாவைச் சுட்டது!

ஆற்றங்கரையில்

கேம்பிறிட்ஜில் விலங்கியல் பயின்ற பேற்சன், தந்தையின் துறையை விட்டு மானிடவியலுக்கு மாறினார். நியூ கினித் தீவிலே செப்பிக் ஆற்றங்கரையில் வாழும் இயற்முல் மக்களிடையே தங்கி, அவர்களது நாவென் என்னும் சடங்கை ஆராய்ந்தார். மருமகன் முதன்முறையாக ஓர் அருஞ்செயலைச் செய்து முடித்தால், தாய்மாமன் கிழிந்த பெண்ணுடை தரித்து, கோமாளி போல் ஊரைச் சுற்றி அந்த மருமகனைத் தேடி வருவான். மாமனின் சீரும் சிறப்பும் இல்லாமல் ஒரு சடங்கும் நடவாத நம்மவர்க்கு, தாய்மாமன் உறவு உலகின் மறுகோடியிலும் இத்துணை ஆழமாய் இருத்தல் வியப்பளிக்கும். 1936ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது முதல் நூலின் பொருள் இதுவே.

அந்த ஆராய்ச்சியில் அவர் ஓர் உண்மையைக் கண்டார். இருவரிடையே எழும் பிணக்கு, ஒருவருடைய குணத்தினால் மாத்திரம் வளர்வதன்று. ஒருவரது செயலுக்கு மற்றவரது மறுசெயல் தூண்டுகோலாக, அம்மறுசெயல் மீண்டும் முதற்செயலைத் தூண்ட, இரண்டும் ஒன்றையொன்று ஊட்டிப் பெருகுகின்றன. இப்பெருக்கம் இரு வகைப்படும். வீம்புக்கு வீம்பு, படைக்குப் படை என்று ஒத்த செயல்கள் போட்டியிட்டு ஏறுவது ஒன்று. ஒருவர் அதட்ட மற்றவர் பணிய, பணிவு கண்டு அதட்டல் மேலும் ஓங்குவது மற்றொன்று. கணவன் மனைவி பிணக்கு முதல் நாடுகளின் பகைமை வரை இக்கணக்கு பொருந்தும் என்றார் அவர். யார் தொடங்கினார் என்ற கேள்விக்கு இக்கணக்கில் இடமில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகின்றேன்.

அதே செப்பிக் ஆற்றங்கரையில் 1932ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க மானிடவியலாளர் மார்கிறற் மீட் அம்மையாரைச் சந்தித்தார். 1936இல் இருவரும் சிங்கப்பூரில் மணம் செய்துகொண்டு பாலித் தீவுக்குச் சென்றனர். அங்கே பாயுங் கெடே என்னும் மலைக் கிராமத்தை நடுவாகக் கொண்டு அவர்கள் செய்த பணி அதுவரை எவரும் செய்யாதது. அம்மையார் குறிப்பெழுத, பேற்சன் படம் பிடித்தார். ஏறத்தாழ 25,000 நிழற்படங்களும் மிகுந்த நீளமான சலனப்படச் சுருள்களும் சேர்ந்தன. அவற்றுள் 759 படங்களைத் தெரிந்து 1942இல் இருவரும் ஒரு நூலாக்கினர். தாய் தன் குழந்தையைச் சீண்டி ஆவலூட்டி, குழந்தை ஆவேசம் கொண்டு நெருங்கும் வேளையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளுவதை வரிசை வரிசையாக அப்படங்கள் காட்டுகின்றன. தனி மனிதனை அன்றி, இருவருக்கு இடையே நிகழ்வதைப் படம் பிடிக்கும் கண் அவருக்கு அங்கே வாய்த்தது.

கண்டி மலையில்

இரண்டாம் உலகப் போர் அவரை நமது நாட்டுக்குக் கொண்டுவந்தது. 1944ஆம் ஆண்டு ஏப்பிரலில் மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் டில்லியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு மாறியது. ஓ. எஸ். எஸ். எனப்பட்ட அமெரிக்க இரகசியச் சேவையும் கண்டியில் நிலைகொண்டது. பேற்சன் அச்சேவையில் அமர்ந்து இலங்கையிலும் பர்மாவின் அரக்கான் கரையிலும் பணிபுரிந்தார். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும், கசங்கிய உடையும், எதையும் சுற்றிவளைத்து ஆராயும் பேச்சும் உடைய அந்த ஆங்கிலேயரை அவரோடு பணியாற்றியோர் மறக்கவில்லை.

அங்கு அவருக்கு வாய்த்த வேலைகளில் ஒன்று பொய்ப் பிரசாரம். யப்பானியருடையது போல் நடிக்கும் வானொலியொன்றின் மூலம், யப்பானியரின் பேச்சையே அளவுக்கு மீறி ஊதிப் பெருக்கி, கேட்போர் அவர்கள்மீது நம்பிக்கை இழக்கச் செய்வது அதன் நோக்கம். பிளவு எவ்வாறு பெருகுகின்றது என்று செப்பிக் ஆற்றங்கரையிற் கற்ற கல்வி, பிளவை உண்டாக்கும் கருவியாக மாறிற்று. போர் முடிந்தபின் பேற்சனுக்கு இதில் ஆழ்ந்த கசப்பே எஞ்சியது. மனிதரை அறியாமல் மனிதரை இயக்க முற்படும் அறிவு நஞ்சாகும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. பிற்காலத்தில் தம் நண்பர்களோடு அவர் மாறுபட்டு நின்றதற்குக் காரணம் தேடுவோர், கலிபோர்ணியாவில் மாத்திரம் தேடினாற் போதாது. கண்டி மலையிலும் தேடவேண்டும்.

ஐவர் கூடிய அவை

போரின் பின்னர் நியூயோர்க்கில் கணித அறிஞர்களும் பொறியியலாளரும் மருத்துவரும் கூடி நடத்திய மாநாடுகளிற் பேற்சனும் மீட் அம்மையாரும் பங்கு கொண்டனர். பின்னூட்டம் என்னும் கருத்து அங்கேதான் செழித்தது. வெப்பம் மிகுந்தால் தானே அணைந்து, குறைந்தால் தானே எரியும் கருவியைப் போல, தன் செயலின் பயனைத் தானே உணர்ந்து திருத்திக்கொள்ளும் அமைப்புகளைப் பற்றிய சாத்திரம் அது. குடும்பமும் அத்தகைய ஓர் அமைப்பே எனப் பேற்சனுக்குத் தோன்றிற்று. 1950இல் அவரும் மீட் அம்மையாரும் மணவிலக்குப் பெற்றனர். அதற்கு முன்னரே அவர் கலிபோர்ணியாவுக்குச் சென்று, சன் பிரான்சிஸ்கோவில் உளமருத்துவர் றூஷ் என்பாருடன் சேர்ந்து ஆராய்ந்து, பாலோ ஆல்ற்றோ நகரிற் போர்வீரருக்கான வைத்தியசாலையில் மானிடவியலாளராக அமர்ந்திருந்தார்.

1952ஆம் ஆண்டில் றொக்பெல்லர் நிதியம் அவருக்குப் பொருளுதவி அளித்தது. சன் பிரான்சிஸ்கோ விலங்குக் காட்சிச்சாலையில் குரங்குக் குட்டிகள் சண்டையிட்டு விளையாடுவதை அவர் நோக்கியிருந்தார். கடிப்பது போன்ற செயல், கடி அன்று என்பதை மற்றைக் குட்டிக்கு எவ்வாறு அறிவிக்கின்றது? சொல்லுக்கு மேல் ஒரு சொல், செய்திக்கு மேல் ஒரு செய்தி இருத்தல் வேண்டும். இதனை ஆராயவே பொருளுதவி.

அவர் சேர்த்துக்கொண்ட துணைவரைப் பாருங்கள். ஜோன் வீக்லண்ட் இரசாயனப் பொறியியலாளராயிருந்து மானிடவியலுக்கு வந்தவர். சீனக் குடும்பங்களை ஆராய்ந்தவர். ஜே ஹேலி திரைப்படங்களை ஆராய்ந்துகொண்டிருந்த மாணவர். வில்லியம் பிறை நகைச்சுவையின் இயல்பை ஆராய்ந்த உளமருத்துவர். 1954இல் டொன் ஜக்சன் என்னும் இளம் உளமருத்துவர் வந்து சேர்ந்தார். நோயாளி ஒருவர் தேறும்போது அவ்வீட்டில் வேறொருவர் நலங்குன்றுவதைக் கண்டு, குடும்பம் தன் சமநிலையை எப்பாடுபட்டேனும் காக்கும் என்று கூறியவர் அவர். ஒருவர் துறை மற்றவர்க்குத் தெரியாத ஐவர், ஒலிப்பதிவுகளையும் சலனப்படங்களையும் மீண்டும் மீண்டும் ஓடவிட்டு, பத்தாண்டுகள் வாதிட்டனர்.

மனச்சிதைவு நோயாளரின் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவர்கள் 1956ஆம் ஆண்டிற் கூட்டாக வெளியிட்ட கட்டுரையே அவர்களை உலகறியச் செய்தது. பேற்சன், ஜக்சன், ஹேலி, வீக்லண்ட் ஆகிய நால்வரும் அதில் ஒப்பமிட்டனர். இரட்டைக் கட்டு என்பது அதன் கருப்பொருள். இருதலைக் கொள்ளியெறும்பு என்று நாம் சொல்வதுண்டு. இரு முனையும் எரிய, நடுவிலே எறும்பு தவிக்கின்றது. ஆனால் எரிகின்றது என்பதேனும் அந்த எறும்புக்குத் தெரியும். இரட்டைக் கட்டில் அகப்பட்டவனுக்கோ, நெருப்பே இல்லை என்றும் சொல்லப்படுகின்றது. சுடுகின்றது என்று கூறுதலும் குற்றமாகின்றது. அவ்விடத்தை விட்டு அகலவும் வழியில்லை.

அவர்கள் காட்டிய உதாரணம் ஒன்று. நோயிலிருந்து ஓரளவு தேறிய இளைஞனைப் பார்க்கத் தாய் வைத்தியசாலைக்கு வருகின்றாள். மகிழ்ச்சியோடு அவள் தோளில் அவன் கை போடுகின்றான்; அவள் உடல் விறைக்கின்றது. அவன் கையை எடுக்கின்றான். இப்போது தன்மேல் அவனுக்கு அன்பில்லையா என்று அவள் கேட்கின்றாள். அவன் முகம் சிவக்க, தன் உணர்ச்சிகளுக்கு இவ்வளவு கூசவும் அஞ்சவும் வேண்டாம் என்று புத்தி கூறுகின்றாள். சில நிமிடங்களுக்கு மேல் அவனால் அங்கே நிற்க இயலவில்லை. அவள் சென்றபின் பணியாளர் ஒருவரை அவன் தாக்குகின்றான்.

இன்னொன்று பேற்சன் தாமே கண்டது. நோயாளி ஒருவரை அவர் பெற்றோர் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அவ்வீடு விற்பனைக்கு வைத்த மாதிரி வீடு போல் ஒரு தூசியும் இன்றி ஒழுங்காயிருந்தது. அழகும் ஒழுங்கின்மையும் சேர்ந்த பொருளொன்றை அங்கே வைக்க விரும்பிய பேற்சன், பூங்கொத்தொன்றை வாங்கி வந்து, தம் எண்ணத்தையும் சொல்லித் தாயிடம் கொடுத்தார். இவை ஒழுங்கற்ற மலர்கள் அல்லவே, ஒவ்வொன்றும் வாட வாட வெட்டிவிடலாமே என்றாள் அந்தத் தாய். தாம் சொல்லிய செய்தி வேறொன்றாய்த் திரிந்து தம் கைக்கே மீண்டதைப் பேற்சன் உணர்ந்தார்.

இவற்றைப் படித்தபோது என் சினம் உச்சத்தை அடைந்தது என்பதை மறைக்கமாட்டேன். உதாரணந்தோறும் தாய், விறைப்பவள் தாய், திரிப்பவள் தாய். நோயுற்ற மகனைக் காணவந்து, எதைச் சொன்னாலும் பிழையாகிவிடுமோ என்று நடுங்கும் ஒருத்தியின் உடல் விறைக்காமல் வேறென்ன செய்யும்? அவளை வைத்துப் பார்த்தால், கட்டுண்டவள் அவளும் அல்லவா? இக்கேள்வியை நான் எழுப்பியபோது, அதனை எனக்கு முன்னரே எழுப்பியவர்கள் அந்த ஆய்வாளர்களே என்பதை அடுத்த சில பக்கங்களில் அறிந்தேன். 1963இல் வெளியான கூட்டுக் குறிப்பில் அவர்கள் தம் கருத்தைத் திருத்தினர். கட்டுபவர் ஒருவர், கட்டுண்டவர் ஒருவர் என்று பிரித்துப் பார்த்தது பொருத்தமன்று; எல்லோரும் சேர்ந்து பின்னி, எல்லோரும் சேர்ந்து சிக்கிக்கொண்ட வலை அது; நோய்க்கு அது ஒன்றே போதிய காரணமும் ஆகாது என்று எழுதினர். செப்பிக் ஆற்றங்கரைப் பாடம் மீண்டும் அங்கே ஒலித்தது. ஆயினும் முதற் கட்டுரை ஓடிய வேகத்தில் திருத்தம் ஓடவில்லை. எங்கள் வைத்தியரின் மேசைக்கு அது வந்து சேரவேயில்லை.

வழிகள் பிரிந்தன

கருத்தொன்றைக் கூடிக் கண்டவர்கள், அதைக்கொண்டு என்ன செய்வது என்பதில் வேறுபட்டனர். ஜக்சன் 1950களின் இறுதியில் பாலோ ஆல்ற்றோவில் மன ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். நோயாளியைத் தனியே பிரித்து வைக்காது, குடும்பத்தார் அனைவரையும் ஒரே அறையில் இருத்திப் பேசும் சிகிச்சை அங்கே தழைத்தது. வேர்ஜீனியா சற்றீர் அம்மையார் அங்கே பயிற்சிப் பணியை ஏற்றார். சமூக சேவையாளரான அவர் வந்தவரின் கையைப் பற்றுவார். ஒருவரை நிற்கவும் ஒருவரை மண்டியிடவும் செய்து, குடும்பத்தில் யார் யாருக்கு எவ்வளவு தூரம் என்பதைச் சிலை போல் அவர்களையே அமைத்துக் காட்டச் செய்வார். அன்பும் தன்மதிப்பும் வளர்ந்தால் மற்றவை சீர்ப்படும் என்பது அவர் நம்பிக்கை.

ஹேலியின் பாதை நேர்மாறானது. அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் மில்ற்றன் எரிக்சன் என்னும் மனோவசிய வைத்தியரிடம் அவரும் வீக்லண்டும் பல்லாண்டுகள் சென்று வந்தனர். உறவுகளிலே யார் கை ஓங்கியிருக்கின்றது என்பதே முதற் கேள்வி என்றும், சிகிச்சை செய்பவர் பொறுப்பேற்றுத் திட்டமிட்டு மாற்றத்தை உண்டாக்கவேண்டும் என்றும் ஹேலி துணிந்தார். 1967இல் அவர் பிலடெல்பியாவுக்குச் சென்று, ஏழைக் குடும்பங்களுடன் பணியாற்றிய சல்வடோர் மினூச்சினோடு சேர்ந்தார். கிழக்கே நியூயோர்க்கில் நேதன் அக்கர்மன், உளப்பகுப்பாய்வை விடாமலே குடும்பத்தை நோக்கிக்கொண்டிருந்தார். அவரும் ஜக்சனும் கொள்கையில் இரு துருவங்கள். எனினும் இருவரும் கூடிக் குடும்பச் சிகிச்சைக்கென்றே ஒரு சஞ்சிகையை நிறுவினர். 1962இல் முதல் இதழ் வந்தது. ஹேலி அதன் முதல் ஆசிரியர். மாறுபட்டோர் ஒருவரையொருவர் மறுத்து எழுதவும் ஒரே ஏடு இருந்தது என்பது அத்துறையின் நற்பேறு.

பேற்சனோ இவர்கள் எவருடனும் முற்றாகச் சேரவில்லை. அதிகாரம் என்பதே உறவின் மையம் என்னும் ஹேலியின் கருத்தை அவர் கடுமையாக மறுத்தார். அதிகாரம் என்னும் உவமையே மனிதரைக் கெடுக்கும் நஞ்சு. அதை நம்பியவன் அதையே தேடி அலைவான் என்பது அவர் வாதம். உள்ளது கண்ட இடத்தில் உள்ளதைச் சொல்லாதிருப்பது எவ்வாறு என்று ஹேலி கேட்டார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. துன்புறும் குடும்பம் ஒன்று முன்னே அமர்ந்திருக்கும்போது தத்துவம் பேசிக்கொண்டிருத்தல் தகாது என்பது ஹேலியின் நியாயம். விளங்கிக்கொள்ளாமல் தொட்டால், தொட்ட கை எதை உடைக்கும் என்பது தெரியாது என்பது பேற்சனின் நியாயம். கண்டியிற் பொய் வானொலிக்கு எழுதியவருக்கு அந்த அச்சம் இருந்தது இயல்பேயாம்.

அக்காலத்தில் அவர் செய்த அமைதியான பணி ஒன்றுண்டு. கொலையுண்ட பிரித்தானியப் பிரதமர் பேர்சிவலின் மகன் ஜோன் பேர்சிவல், 1830களிற் சித்தம் கலங்கி அடைத்து வைக்கப்பட்டவர். தேறியபின் தம் அனுபவத்தைத் தாமே எழுதியவர். வைத்தியரும் வீட்டாரும் தம் சொல்லைச் செவிமடுக்கவில்லை என்பது அவரது பெருங்குறை. மறக்கப்பட்டுக் கிடந்த அந்நூலைப் பேற்சன் 1961இல் தொகுத்து முன்னுரையுடன் பதிப்பித்தார். நோயாளியே தம் நோயைப் பற்றிச் சாட்சி சொல்லத் தகுந்தவர் என்று காட்டியது அப்பதிப்பு.

1962இல் ஐவர் அவை கலைந்தது. பேற்சன் மனிதரை விட்டு டொல்பின்களை ஆராயச் சென்றார். முதலில் வேர்ஜின் தீவுகள், பின்னர் ஹவாய். அங்கே கண்ட நிகழ்ச்சி ஒன்றை அவர் பெரிதும் போற்றினார். புதிய வித்தை காட்டினால் மாத்திரமே மீன் என்பது பயிற்சியின் விதி. நேற்று மீன் பெற்றுத்தந்த வித்தை இன்று பெற்றுத்தராது. பதினான்கு அமர்வுகள் வரை அந்த டொல்பின் குழம்பித் தவித்தது. பதினைந்தாம் அமர்வுக்கு முன் பரபரப்புற்று, உள்ளே வந்ததும் எட்டு வித்தைகளைக் காட்டியது. அவற்றுள் நான்கு முன்னெப்போதும் எவரும் கண்டிராதவை. கட்டு, பித்தாக மட்டுமன்றிப் படைப்பாகவும் மலரலாம் என்று பேற்சன் முடிவு செய்தார். ஆனால் என் மனத்திற் பதிந்தது வேறொன்று. இடையிடையே பயிற்சியாளர் விதியை மீறி, தகுதியில்லாத வேளையிலும் அதற்கு மீன் கொடுத்துவந்தார். உறவு அறுந்துவிடாமல் காப்பதற்காகவே அந்த மீன். அது கிடையாதிருந்தால் அவ்வுயிர் என்னவாகியிருக்கும்? மாறுபாட்டைத் தாங்கச் செய்வது, கணக்கில் வராத அந்தச் சிறு கொடையே போலும்.

எஞ்சியவை

ஜக்சன் 1968ஆம் ஆண்டு ஜனவரியில், நாற்பத்தெட்டு வயதிலே காலமானார். அவரும் வட்ஸ்லாவிக், பீவின் ஆகியோரும் எழுதி முந்திய ஆண்டில் வெளிவந்த நூல், பேற்சனுக்கே காணிக்கையாக்கப்பட்டிருந்தது. 1972இல் பேற்சனின் கட்டுரைகள் ஒரே தொகுதியாக வந்தபின் அவர் புகழ் புதிதாய்ப் பரவியது. இத்தாலியின் மிலான் நகரில் செல்வினி பலசோலி அம்மையாரும் மூன்று துணைவரும் அத்தொகுதியைப் படித்துத் தம் முறையை மாற்றிக்கொண்டனர். இருவர் குடும்பத்தோடு அமர, இருவர் ஒருவழிக் கண்ணாடியின் பின்னே இருந்து நோக்குவர். அவர்கள் கேட்ட கேள்விகள் வட்டமாய்ச் சுழன்றன: அம்மா அழும்போது அப்பா என்ன செய்வார் என்று மகளிடம் கேட்பார்கள், தங்கை மௌனமானால் யாருக்கு முதலில் தெரியும் என்று தமையனிடம் கேட்பார்கள். எவர் பக்கமும் சாயாதிருத்தல் அவர்கள் வகுத்த நெறி. குற்றவாளியைத் தேடாத கேள்விகள் அவை. பேற்சன் சிகிச்சை முறை எதையும் நிறுவவில்லை. அவர் கருத்து இவ்வாறு பிறர் கைகளிலே முறையாயிற்று.

1978இல் அவருக்குப் புற்றுநோய் கண்டது. மீட் அம்மையாரின் வயிற்றிற் பிறந்த மகள் மேரி கதரின் உடனிருந்து உதவ, தம் இறுதி நூலை முடித்து 1979இல் வெளியிட்டார். 1980ஆம் ஆண்டு யூலை 4ஆந் திகதி, சன் பிரான்சிஸ்கோவின் சென் பௌத்த நிலையத்தில், குடும்பத்தார் சூழ உயிர் நீத்தார்.

இனி, கணக்கைத் தீர்க்கவேண்டும். இரட்டைக் கட்டே மனச்சிதைவு நோயை விளைவிக்கின்றது என்னும் கொள்கை, பின்வந்த ஆராய்ச்சிகளில் நிலைபெறவில்லை. பரம்பரைக் கூறுகளும் மூளையின் வளர்ச்சியும் அந்நோயிற் பெரும் பங்கு கொள்ளுகின்றன என்பது இன்று தெளிவு. மரபியலுக்குப் பெயரிட்டவரின் மகன் அப்பக்கத்தை அன்று குறைவாகவே நோக்கினார் என்பது விதியின் விளையாட்டு. தாய்மார் குற்றவாளிகள் அல்லர். அதேவேளை, லண்டனில் ஜோர்ஜ் பிறவுண் முதலானோர் தொடங்கிவைத்த ஆராய்ச்சிகள் இன்னோர் உண்மையைக் காட்டின. நோய் வந்தபின், கண்டனமும் பகையும் மிகுந்த வீட்டுக்குத் திரும்புவோர்க்கு அது மீண்டும் தலைதூக்குவது அதிகம். வீட்டாருக்கு நோயை விளக்கி, அவர்களைத் துணைவராய்ச் சேர்த்துக்கொண்டு, மருந்தோடு பணியாற்றினால் அது குறைகின்றது. காரணத்தைப் பற்றிப் பேற்சன் அவையினர் பிழைத்தனர். குடும்பத்தை அறைக்குள் அழைத்ததில் அவர்கள் பிழைக்கவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு நெடுங்காலம் சென்றது. ஐவர் கூடிப் பத்தாண்டு வாதிட்டுக் கண்ட கருத்தை, வாதத்தை விட்டுவிட்டு முடிவை மாத்திரம் எடுத்துச் சென்றார் ஒரு வைத்தியர். அந்த அவையிலே ஹேலி சொல்வதை பேற்சன் மறுத்தார். பேற்சன் எழுதியதைப் பேற்சனே திருத்தினார். மறுப்பும் திருத்தமும் உள்ளவரையிற் கருத்துக்கு உயிர் இருந்தது. எங்கள் வீட்டு முற்றத்தில் மறுக்க ஒருவரும் இருக்கவில்லை. படித்தவர் சொல்லிவிட்டார், பெரியம்மா நம்பிவிட்டார்.

பெரியம்மாவின் இறுதிக் காலத்தில் அண்ணனே அவரைப் பராமரித்தார். மருந்தைத் தவறாது உட்கொண்டு, தாய்க்குக் காலையிற் கஞ்சி காய்ச்சி, மாலையில் விளக்கேற்றி வைப்பார். அவர் தேறியதற்கு யார் காரணம் என்று எவரும் கேட்டதில்லை. நோய்க்கு மாத்திரமே காரணம் கேட்கும் உலகம் இது. அந்த வீட்டிலே, தாய் மகனையும் மகன் தாயையும் தாங்கி நின்ற அந்த ஆண்டுகளை ஒரு சலனப்படச் சுருளிற் பிடித்துப் பேற்சனின் அவைக்கு அனுப்பக் கூடியிருந்தால், ஐவரும் அதை மீண்டும் மீண்டும் ஓடவிட்டு என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் எண்ணுவதுண்டு. நிச்சயமாக அவர்கள் ஒத்துப்போயிருக்க மாட்டார்கள். ஆனால் தாயை மாத்திரம் பார்த்திருக்க மாட்டார்கள், இருவரையும் பார்த்திருப்பார்கள்.